மேல் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கதை கட்டுவதாக இருந்தால் இதைவிட அழகாகக் கட்டியிருப்பேன். பாழடைந்த மாளிகை, மூடுபனி, ஒற்றை மெழுகுவத்தி என்று நான் படிக்கும் வெளிநாட்டு நாவல்களில் இல்லாத சாமானா? எங்களுடையது புதுப் பெயின்ட் அடித்த மாடி வீடு. ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அப்பா கூடவே இருந்தார். அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

கீழே நாங்கள், மேலே குடித்தனக்காரர். மாடியைக் கட்டியது வங்கிக் கடனில். இருபது வருஷத் தவணை எடுத்தால் மாதாமாதம் கட்டுவது சுலபம் என்று வங்கியில் சொன்னார்கள். அப்பாதான் கேட்கவில்லை. "இருபது வருஷம் அவங்களுக்கு வட்டி அழணுமா? பத்து வருஷத்துல முடிச்சுக் கையக் கழுவிடலாம்" என்றார். மேல் வீட்டு வாடகை அப்படியே தவணைக்குப் போய்விடும், மிஞ்சவும் மிஞ்சாது, குறையவும் குறையாது என்பது அவர் கணக்கு.

"ஒரு மாசம் வீடு காலியா கெடந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம வீடு ஏன்டி காலியா கெடக்கப் போகுது?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் குடிவந்தார். அவரும் மனைவியும் மட்டும். ஒன்றாம் தேதி காலையில் வாடகை வந்துவிடும். அவர்கள் இருக்கிறார்களா என்று நாங்கள்தான் அவ்வப்போது காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும், அத்தனை அமைதி. அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் எல்லோருக்குமே இந்தக் கிறுக்கு உண்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் தூக்கல். அவர் பக்கத்தில் நின்று கட்டிய வீடு. சுவரில் ஆணி இறங்கினால் தன் முதுகில் இறங்கியது மாதிரி துடிப்பார்.

ஒருநாள் குழாய் ஒழுகுவதைப் பார்க்க மேலே போனவர் முகம் கடுகடுக்க இறங்கி வந்தார். படுக்கையறையின் வெளிச்சுவரில் நான்கு ஆணிகளாம். அதுவும் தலைகீழாக. கூர்முனை அறைக்குள் நீட்டிக்கொண்டு, தலைப்பக்கம் சுவருக்குள்ளே.

"தலைய வெட்டித் திருப்பிச் சொருகியிருக்கான். கேட்டா ஆணியே இல்லைன்னு சாதிக்கலாம் பாரு" என்றார் எங்களிடம்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மெதுவாகத்தான் பேசினார். "சார், என் வீட்டுல சுத்தியலே கெடையாது. என் தொழிலுக்கு வேண்டியது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி. அவ்வளவுதான்."

"அப்போ தானா மொளைச்சுதா?"

கடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டிக்கொண்ட முழிப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஏழு ஆணிகள் ஆயின. அப்பா ஆணிக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தெருவே கூடும்படி சண்டை போட்டிருப்பார்கள். இவர்கள் இரண்டே நாளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிடித்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாரி கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். கணவர் வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

கொத்தனார் வந்து ஆணிகளைச் சுவரோடு சுவராக அறுத்துப் பூசினார். மேலே பெயின்ட். எல்லாம் சரியாகிவிட்டது, குடித்தனம்தான் வரவில்லை. முதல் மாதத் தவணை சேமிப்பிலிருந்து போனது. அடுத்த மாதம் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அதற்கடுத்த தவணையைத் தவறவிட்டோம். இன்னொன்று தவறினால் வீட்டின் மேல் நடவடிக்கை என்று வங்கியிலிருந்து போன் வந்தது.

அன்றைக்கு மத்தியானம்தான் தரகர் கூப்பிட்டார். ஒரு நர்ஸ் ஏழு மணிக்கு வீடு பார்க்க வருகிறார், பிடித்திருந்தால் அட்வான்ஸைக் கையோடு தந்துவிடுவார் என்றார். அம்மா என்னிடம் துடைப்பத்தை நீட்டினாள். "கண்ணு, ஒரு தடவை பெருக்கிட்டு வந்துடு. தூசியப் பாத்துட்டு வேணாம்னுடப் போறாங்க."

மணி ஆறரை இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

கூடத்தையும் சமையலறையையும் முடித்துவிட்டுப் படுக்கையறைக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன். ஃபேனைப் போட்டேன். வெளிச்சுவர் வழவழவென்று இருந்தது. பூசிய தடம்கூடத் தெரியவில்லை.

டொக்.

பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

நிதானமான அடி. ஒன்று அடித்துவிட்டு, சரியாக இறங்கியதா என்று பார்ப்பதுபோல ஓர் இடைவெளி. பிறகு அடுத்தது. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்கை அதிர்ந்தது. அது மாடியின் வெளிச்சுவர். அந்தப் பக்கம் பால்கனி கிடையாது. கால் வைக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. வெறும் காற்றுதான்.

என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பெயின்ட் மெல்ல உப்பியது.

கையை இழுத்துக்கொண்டேன்.

உப்பிய இடம் வெடித்தது. கொஞ்சம் தூள் உதிர்ந்தது. ஒரு கூர்முனை எட்டிப் பார்த்தது...

டொக்.

இன்னும் கொஞ்சம் வந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். வெளிச்சுவர் மேலிருந்து கீழ்வரை சுத்தமாக இருந்தது. ஆள் இல்லை, ஏணி இல்லை. ஓட்டைகூட இல்லை. தெருவில் ஒருவர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே அந்தச் சத்தமே கேட்கவில்லை.

"அப்பா..."

என் குரல் எப்படி இருந்ததோ, அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது நான்கு முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. என் நெஞ்சு உயரத்தில்.

"எவன்டா அது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் அப்பா.

சத்தம் நின்றது.

கொத்தனார் விட்டுப்போன குறடு ஜன்னலில் கிடந்தது. அப்பா அதை எடுத்து முதல் ஆணியைக் கவ்விப் பிடித்து இழுத்தார். அது வந்தது. ஒரு விரல் நீளம். ஒரு சாண். இன்னும் வந்தது. அவ்வளவு நீள ஆணியை நான் பார்த்ததே இல்லை.

பிறகு நின்றது.

அப்பா பல்லைக் கடித்து இழுத்தார்.

அப்புறம்... அவர் கை மெதுவாகச் சுவரை நோக்கிப் போனது.

"அப்பா, விடுங்க."

"நான் தள்ளல."

"விடுங்கப்பா."

"நான் தள்ளலம்மா... இழுக்குது."

விட்டார்.

குறடு தரையில் விழுந்தது.

ஆணி பழைய அளவுக்கே உள்ளே போனது.

அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி.

டொக்.

"வா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பயத்திலும் ஃபேனை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

ஏழு மணிக்குத் தரகர் வந்தார். கூடவே நர்ஸ், தோளில் தூங்குகிற கைக்குழந்தையோடு. அந்தப் பெண் கைப்பையை முன்னால் எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தோம். அட்வான்ஸ் அதில்தான் இருந்திருக்கும். அப்பா குழந்தையைப் பார்த்தார்.

"வீடு ஆயிடுச்சும்மா" என்றார்.

"யாருக்கு சார் ஆச்சு?" தரகர் விடவில்லை. "மத்தியானம் காலியா இருந்த வீடு காபி ஆறதுக்குள்ள ஆயிடுச்சா? நல்லா நடத்துறீங்க சார் வியாபாரம்."

அவர்கள் போன பிறகு அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். மேலே என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. மூழ்குகிறோம் என்பது மட்டும் தெரியும்.

மிச்சமிருந்தது ஒரே வழி. தவணையை இருபது வருஷமாக நீட்டித் தரச் சொல்லி வங்கியில் கேட்பது. அதற்கு வீட்டை மறுபடி மதிப்பிட வேண்டும் என்றார்கள். முதலில் கடன் தரும்போது வங்கி அனுப்பிய அதே இன்ஜினியர்தான் வந்தார், ஒரு காலை நேரத்தில். அறை அறையாக அளந்தார். படுக்கையறையில் டேப்பின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். சுவரில் அப்போது எத்தனை முனைகள் இருந்தன என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. அவர் அவற்றைத் துணிக்கொக்கி என்று நினைத்தார்போல.

டேப்பைப் பார்த்தார். என்னை இன்னும் ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு வருதே. பதினாலு அடி ரூம் இல்லையா இது? நான்தானே அளந்தேன்?"

"பதினாலுதான்" என்றார் அப்பா. "நான் நின்னு கட்டினது."

இன்ஜினியர் வெளியே போய் அளந்தார். வெளி அளவு கட்டிய அன்று இருந்தது போலவே இருந்தது. திரும்பி வந்து அப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உள்பக்கமா ஒரு சுவர் எழுப்பியிருக்கீங்க. நடுவுல மூணு அடி விட்டு. எதுக்கு சார்?"

"நான் எதுவும் எழுப்பல."

"வங்கிக்குச் சொல்லாம மாத்திக் கட்டினா தவணைய நீட்டிக்க மாட்டாங்க. அந்தச் சுவரை இடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று அடி. அதில் கட்டில் போட முடியாது. கால் நீட்டிப் படுக்க முடியாது. ஆனால் ஒருவர் நிற்கலாம். கையை ஓங்கவும் இடம் இருக்கும்.

இடிக்க அப்பாவும் துணியவில்லை, நானும் சொல்லவில்லை. இடித்தால் எது இருக்கும் என்பதைவிட, எதுவுமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு போன் செய்து, பிடித்த பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அங்க இருந்தப்ப கட்டிலை மூணு தடவை நகர்த்திப் போட்டோம் சார். ஒவ்வொரு தடவையும் சுவரு கிட்ட வந்துடும். சொன்னா, இடம் பத்தலைன்னு வாடகையக் குறைக்கப் பாக்குறோம்னு நெனைப்பீங்க. அதான் சொல்லல."

கடைசியில் கீழ் வீட்டைத்தான் வாடகைக்கு விட்டோம், அதே நர்ஸுக்கு. அந்த வாடகை தவணைக்குப் போகிறது. நாங்கள் மேலே குடியேறிவிட்டோம். வேறு போக்கிடம் இல்லை. படுக்கையறையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். சத்தம் வந்தால் அம்மா டிவியைக் கூட்டி வைப்பாள்.

ஒன்றாம் தேதி தவணை கட்டிவிட்டு வந்ததும் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு தனியாக அந்த அறைக்குள் போவார். இன்றும் போனார். வெளியே வந்து பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"ஒன்பதரை" என்றார்.

அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, பூட்டிய கதவையும் நாங்கள் படுக்கிற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தவணை முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"எட்டு வருஷம்" என்றார் அப்பா.