மூன்று விசிலுக்குள் நாற்பது உதை

குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நாற்பது உதை. வசந்தாமணியின் அன்றாடக் கணக்கு அது. கராஜ் கதவுக்கு முன்னால் நின்று, பப்பாளிக்காய் போல நீண்ட பந்தை இரண்டு கையாலும் பிடித்துக் காலுக்கு நேராக விட்டு, அது தரையைத் தொடுமுன் உதைப்பாள். கதவு தடாரென்று அதிரும். எதிர்வீட்டு நாய் இப்போதெல்லாம் குரைப்பதையே விட்டுவிட்டது.

வயது நாற்பத்து மூன்று. அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் ஒரு பார்மசியில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். வீட்டில் கொத்தவரங்காய் ஆய்ந்தாலும் விரல் ஐந்தைந்தாகத்தான் தள்ளும். மேல் தட்டிலிருந்து சரிந்த டப்பாவை அவள் எம்பிப் பிடித்ததை, மருந்து வாங்க வந்த ஆஸ்திரேலிய நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டாள். சனிக்கிழமை மைதானத்துக்கு வா என்றாள். அங்கே பெண்கள் அந்த நர்ஸ் ஊர் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், வைத்திருப்பவளைக் கட்டிப் பிடித்துக் கீழேயும் தள்ளலாம். “நமக்குத் தெரிஞ்ச வெளையாட்டுத்தானுங்க. பஸ்ஸுல சீட்டுப் புடிக்கறாப்பல” என்பாள் வசந்தாமணி. ஆட ஆரம்பித்து இரண்டு வருஷம். வலது மோதிர விரல் கோணிப்போனது அதில்தான்.

கணவர் கிட்டுசாமி பதினாலு வருஷம் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடியவர். பதிமூன்று பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்திருந்தவள் வசந்தாமணி. முட்டி போனதும் அவர் நிறுத்திவிட்டார். மனைவியின் ஆட்டத்தை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த அவருடைய அக்கா, அந்தக் கோணல் விரலைப் பார்த்த அன்றே இந்த ஆட்டம் வேண்டாமென்று ஆரம்பித்தார். ஆறு வாரம் காதில் ஓதியதில் தம்பி கரைந்தார்.

“இத்தோட நிறுத்திக்கலாமா வசந்தா? அக்கா சொல்றதும் நாயந்தானே?”

“பாக்காமயே எப்படீங்க நிறுத்தச் சொல்லுவீங்க? சனிக்கெழம எல்லாரும் வர்றீங்க. அண்ணியும் வரட்டும். புளிச்சோறு நீங்க கட்டுங்க.”

“பாத்துட்டு சாயங்காலம் ஒரு முடிவு சொல்லுவேன். கேட்டுக்கோணும்.”

அதற்கு அவள் புளி ஊறப்போட வேண்டிய நேரத்தை மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை, எல்லைக்கோட்டு ஓரமாக மூன்று மடக்கு நாற்காலிகள். அண்ணி, கிட்டுசாமி, பதினைந்து வயது மகள் தாமரைச்செல்வி. வசந்தாமணியின் அணிக்கு அன்று சரியாக ஒன்பது பேர், மாற்று ஆள் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் வரிசையாக வந்து நகம், காது, கழுத்து பார்ப்பார். உடம்பில் நகை இருந்தால் ஆட விடமாட்டார். இரண்டு வருஷமாக வசந்தாமணி காருக்குள்ளேயே தாலிக்கொடியைக் கழற்றி, குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட்ட மாத்திரைக் குப்பிக்குள் போட்டுவிடுவாள். வீடு திரும்புமுன் கழுத்துக்கு வந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்றும் குப்பி பையில் இருந்தது. கார் இருபதடி தூரத்தில்தான் நின்றது.

அவள் காருக்குப் போகவில்லை. நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நின்று, தலைவழியாகக் கொடியைக் கழற்றினாள்.

அண்ணி எழுந்தேவிட்டார். “ஏம்மிணி! என்ற தம்பி குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறப்பவே தாலியக் கழட்டறயா?”

“உக்காந்திருக்கறதுனாலதானுங்க அண்ணி அவருகிட்டக் குடுக்கறேன். இத்தன நாளு மாத்திரை டப்பால கெடந்துச்சு.”

“இத்தன நாளா?” கிட்டுசாமி நிமிர்ந்தார்.

“ரெண்டு வருசமா. தலையக் குனீங்க.”

அவர் குனிந்தார். கொடியை அவர் கழுத்தில் போட்டாள். பழைய கிரிக்கெட் பனியன் மேல் அது பளபளத்தது.

“அம்மா, அம்பையர் இஸ் வெயிட்டிங்!” என்றாள் தாமரைச்செல்வி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் பாதியில் வசந்தாமணி எம்பி எம்பி நான்கு பந்து பிடித்தாள். ஐந்தாவதில் எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கை வாயில் பட்டது. இடைவேளைக்கு அவள் வந்தபோது கீழுதடு வீங்கி ரத்தம் கசிந்தது. நாலு குவார்ட்டரில் இரண்டு முடிந்திருந்தன; அணி இருபது புள்ளி பின்னால்.

“போதுஞ்சாமி, போதும்! வாயி கிழிஞ்சு போச்சு. டேய் கிட்டு, அதக் கழட்டி அவகிட்டக் குடுறா. போட்டுக்கிட்டு வண்டியில ஏறட்டும்” என்றார் அண்ணி.

கிட்டுசாமி மனைவியின் உதட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இரண்டு கையும் மெல்லக் கழுத்துக்குப் போயின.

வசந்தாமணி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தண்ணீரால் வாய் கொப்பளித்துப் புல்லில் துப்பினாள். கோணல் விரலால் தாலியைப் பிடித்துத் தூக்கி, அவருடைய பனியன் கழுத்துக்கு உள்ளே விட்டாள்.

“வெய்யில்ல சுடும், உள்ள இருக்கட்டும். இன்னும் ரெண்டு குவார்ட்டர் இருக்குதுங்க” என்று சொல்லி, பனியன் மேலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மைதானத்துக்குள் ஓடினாள்.