டெஸ்க்குக்குக் கீழே நாலு செருப்பு

என் கையெழுத்து மோசம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மோசமாக இருந்தது என் கையெழுத்தல்ல, என்னை உட்கார வைத்த இடம். இதைச் சொல்ல ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு வாய் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

பாம்பனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனிக்கும் ஒரே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் பார்களை நொறுக்கும் மிஷின். அதை ஓட்டியவர் என் அய்யா. அது ஓடத் தொடங்கினால் பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாது. டீச்சர் தொண்டை கிழியக் கத்துவார். சத்தம் வகுப்பு முழுக்கப் பொது. அதிர்வு மட்டும் சுவரோர டெஸ்க்கில் இருந்தவர்களுக்குத் தனியாகக் கிடைத்தது.

அந்த வருடம் ராமநாதபுரத்தில் கையெழுத்துப் போட்டி. வகுப்புக்கு ஒருவர்தான் போகலாம். அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து டீச்சர் என்னை வாயாடி என்று சொல்லிச் சுவரோரத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து என் எழுத்து நெளிய ஆரம்பித்தது. "என்னடி இது, மண்புழு ஊருற மாதிரி?" என்று விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்தார். அடிபட்ட விரல் மறுநாள் இன்னும் கோணலாக எழுதியது. அதற்கும் அடி. இதென்ன அநியாயம்!

வீட்டில் அய்யாவிடம் முறையிட்டேன். "மிஷினுக்கு அடியில ரப்பர் இருக்கணும் தாயி. தேஞ்சு போச்சு. மொதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், மாத்தித் தர மாட்டேங்குறாரு. அதான் தரையெல்லாம் அதிருது" என்றார்.

மிஷினுக்குப் போடாவிட்டால் போகட்டும், டெஸ்க்குக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் வாசலில் விட்டிருந்த என் ரப்பர் செருப்பையும் பக்கத்தில் உட்காருபவளின் செருப்பையும் பையில் ஒளித்து உள்ளே கொண்டுபோனேன். டெஸ்க்கின் நாலு காலுக்கும் அடியில் காலுக்கொன்றாக வைத்தேன். மிஷின் ஓடியது. என் எழுத்து அசையாமல் நின்றது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

டீச்சர் எழுத்தையா பார்த்தார்? செருப்பைத்தான் பார்த்தார். புத்தகம் இருக்கிற இடத்தில் செருப்பா என்று முதுகில் ஒன்று வைத்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "மிஷினுக்கு அடியில ரப்பர் இல்ல டீச்சர்! எங்கய்யாவே சொன்னாரு!" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

டீச்சர் அய்யாவைச் செல்போனில் வரச் சொன்னார். ஐஸ் தண்ணீர் சொட்டும் சட்டையோடு அவர் வந்து நின்றார்.

"ஒங்க மக சொல்றது நெசமா? நெசம்னா ஹெட்மாஸ்டரை விட்டு ஒங்க மொதலாளிக்கு எழுதச் சொல்றேன், நீங்க சொன்னதாவே எழுதிரலாம். இவளையே போட்டிக்கும் அனுப்பிர்றேன்" என்றார் டீச்சர்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அய்யா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மிஷின்ல ஒரு கொறையும் இல்ல டீச்சர். இவ கைதான் கொஞ்ச நாளா நடுங்குது."

போட்டிக்கு வேறொருத்தி பெயரை டீச்சர் அங்கேயே சொல்லிவிட்டார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அய்யா மேல் திரும்பியது. ஸ்கேல் அடியைக்கூட மறந்துவிடலாம். பெற்றவரே என் கையைக் காட்டிக் கொடுப்பதை எப்படி மறப்பது?

வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அய்யா என் கையைப் பிடித்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பொய் சொன்ன பயம், நன்றாக நடுங்கட்டும் என்று என் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டே நிற்கிற கை வேறெப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.