ஆறாத பாய்களின் கணக்கு

அன்று காலை நான் முதலில் செய்தது மிக்ஸியில் சட்னி அரைத்தது. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. திரும்ப அழைத்தபோது துறைத் தலைவர் சொன்னார்: ரோஸ்லின் மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார். செவ்வாப்பேட்டையில் என் வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை நான் அழவில்லை. இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் இருக்கும், கணிதத் துறையில் அவரோடு வேலை செய்த நாமெல்லாம் அன்று அவர் வீட்டு வாசலில் நின்றபோது, உங்களில் யாரோ ஒருவர் அவரைப்போலவே பேசிக் காட்டினார். சிரித்த பிறகுதான் அழுகை வந்தது.

மக்கள்தொகை வளர்ச்சிக்குக் கணித மாதிரி அமைக்கும் விருப்பப் பாடத்தை, நான் அக்கா என்றே கூப்பிட்ட ரோஸ்லின் மேடம்தான் நடத்தினார். இருப்பவர்களில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கூடும் என்ற எளிய சமன்பாட்டில் தொடங்குவார். மாணவிகள் அதை நம் கல்லூரி இருக்கும் கும்மிடிப்பூண்டிக்குப் போட்டுப் பல ஆண்டுகளுக்கு ஓட்டினார்கள். கரும்பலகையில் எண் நீண்டுகொண்டே போனது. "இவ்ளோ பேரும் எங்கம்மா நிப்பாங்க? ஒருத்தர் தோள் மேல ஒருத்தரா?" என்றார் அக்கா. வளர்ச்சிக்கு ஓர் எல்லை வேண்டும் என்று அவர்களே சொல்லும்வரை காத்திருந்தார்.

அந்த எல்லையைத் தேடி, தொழிற்பேட்டைக்குப் பக்கத்து வாடகை அறைகளை நானும் மாணவிகளும் எண்ணினோம். அறைக்கு நான்கு பாய், ஆகவே நான்கு ஆள். அந்தக் கணக்குப்படி ஊர் எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும்; ஆனால் ஆட்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

"பாய எண்ணிக்கினு வந்துட்டீங்களா?" என்று அக்கா சிரித்தார். "எங்க ஊட்ல அண்ணன் எழுந்து ஷிப்டு போனா, நைட்டு ஷிப்டு முடிச்ச மாமா அதே பாயில வந்து படுப்பாரு. அது ஆறி நான் பாத்ததே இல்ல."

எல்லையை ஷிப்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினோம். வளைகோடு ஊரோடு ஒத்துப்போனது. "பாத்தியா பானு, மாதிரி கோவிச்சுக்காது. தப்புன்னு சொன்னா திருந்திடும். மனுசங்கதான் பேஜாரு."

திருவள்ளூர்க் கல்லூரிக்கு எனக்கு மாற்றல் வந்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். வீட்டுக்குப் பக்கம், பேசின் பிரிட்ஜில் ரயில் மாற வேண்டாம். "போயேன், காலைல நல்லா தூங்கு" என்றவர் சாக்பீஸை எடுத்தார். "நம்ம துறைக்கும் மாதிரி போட்டுடலாம். வர்றவங்க பூஜ்யம், போறவங்க ஒண்ணு." எழுதிவிட்டுக் கண்ணடித்தார். எனக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

எடுக்க ஆளில்லாவிட்டால் அந்தப் பாடம் வரும் பருவத்திலிருந்து நின்றுவிடும். துறைத் தலைவருக்கும் வேறு வழியில்லை.

விடை அழகாக வந்துவிட்டால் உடனே தெருவில் இறங்கி விசாரிக்கும் பழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? மாற்றலை நான் ஏற்கப்போவதில்லை. அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.