வரேக்க நட

எங்கள் ஊரில் யாரும் ஓடுவதில்லை. சல்லி என்ற இந்தக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த நானே இதை வெகு காலம் கவனித்ததில்லை. பஸ் புறப்பட்டுவிட்டால் ஆட்கள் நின்ற இடத்திலிருந்தே கை காட்டுவார்கள். நிற்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால், காயும் கருவாட்டை அள்ளுவதற்கு வேகமாக நடப்பார்கள். பிள்ளைகள் வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கையில் ஓடிப் பிடித்து விளையாடினால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து, "ஓடாதேங்கோடா!" என்று ஒரு குரல் வரும். அது ஏச்சுப் போல இருக்காது. கெஞ்சுவது போல இருக்கும்.

சுனாமி வந்தபோது எனக்கு நாலு வயது. அம்மாவின் தோள் என் வயிற்றில் இடித்த வலி மட்டுமே நினைவில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்லமாட்டார். காலடிச் சத்தத்தைத்தான் சொல்வார். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவருக்கு முதலில் கேட்டது ஒழுங்கையில் ஆட்கள் ஓடும் சத்தம். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பிரதான வீதியை நோக்கி ஓடினார். அண்ணா கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தான். பிறகு அவனை நாங்கள் காணவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். மீன் பிடிக்கப் போகும் அப்பாவுக்குப் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். நான் மலைநாட்டில் ஒரு கம்பஸில் பட்டம் எடுத்தேன், இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

ஓடப் பழகியது கம்பஸில்தான். விடுதியைச் சுற்றிய மலைப்பாதையில் விடியற்காலையில் பெண்கள் ஓடுவார்கள். முதல் கிழமை ஏழு நாளும் மூச்சு முட்டியது. பிறகு ஓடாத நாளில் தலை பாரமாகி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. அங்கே நான் ஓடுவதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே கடல் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

வேலை கிடைத்து ஊருக்குத் திரும்பியதும் விட்ட இடத்தில் தொடங்கினேன். வெளிச்சம் வரும் நேரம் ஒழுங்கையால் இறங்கி, வலை வைக்கும் மீன் வாடிகளைத் தாண்டி, நிலாவெளிப் பக்கமாகக் கரையோரம் ஓடி, முதல் ஹோட்டல் வேலியில் திரும்பி வருவேன். எளிதாக இருக்கவில்லை. மணல் காலை இழுத்தது. நாய்கள் துரத்தின. மாதத்தில் சில நாள் வயிற்றுவலியோடு ஓடினேன். திரும்பி வந்து குளித்து, சாப்பாடு கட்டி, நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வேலைக்குப் போக வேண்டும். நீளக் காற்சட்டையும் ரீசேட்டும் போட்டுக்கொண்டு போகும் என்னைப் பார்த்து வலை இழுப்பவர்கள், "தங்கச்சி, காலுக்கு வேலை வேணுமெண்டா இஞ்ச வந்து கயிறைப் பிடியுங்கோ" என்பார்கள்.

பக்கத்து வீட்டு மாமியின் வாய் அவர்களுடையதைவிடப் பெரியது.

"ஆரடி உன்னைத் துரத்துறது?"

"ஒருத்தரும் இல்லை மாமி. உடம்புக்கு நல்லம்."

"ஓடுறதெண்டா ஒரு பொடியனோட ஓடு. தனிய ஓடுறதுக்கோ கொப்பர் உன்னைப் படிப்பிச்சவர்?"

அம்மா மட்டும் பகிடி பண்ணவில்லை. நான் வெளிக்கிடும்போது வேலிப் படலை வரை வருவார். "நடந்து போவன் பிள்ளை. நடந்தாலும் உடம்புக்கு நல்லம்தானே." நான் நிலநடுக்கத்தைப் பற்றியும் இப்போது முன்னமே எச்சரிக்கை வரும் என்பதைப் பற்றியும் விளக்குவேன். அம்மா தலையாட்டிக் கேட்பார். பிறகு, "ஓம், ஓம். நடந்து போ" என்பார்.

ஒரு நாள் காலை ஓர் அலை எதிர்பாராமல் உயர்ந்து என்னை இடுப்பு வரை நனைத்துவிட்டது. வேலைக்கும் பிந்தியிருந்தது. ஈர உடுப்போடு, அவிழ்ந்த தலைமயிரோடு, கடற்கரையிலிருந்து ஒழுங்கைக்குள் முழு வேகத்தில் ஓடி ஏறினேன். பைப்படியில் பானை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை அல்ல, என் உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். பானை அவர் கையிலிருந்து விழுந்தது.

"கடல்!"

ஒரே ஒரு சொல்தான். அது எனக்கு முன்னால் ஒழுங்கை முழுவதும் ஓடியது. கதவுகள் திறந்தன. பிள்ளைகளை ஒற்றைக் கையில் பிடித்துத் தூக்கினார்கள். ஓட்டோ ஒன்று ஆள் ஏறி முடியமுன் கிளம்பியது. "இல்லை, இல்லை, ஒண்டும் இல்லை!" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். நான் ஓடியதைக் கண்டு அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் அத்தனை காலடிச் சத்தம் கேட்டது.

வீட்டில் கதவு திறந்தபடி இருந்தது. அடுப்பு எரிந்தது. தேங்காய் திருவும் திருவலை குசினி நடுவில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா இல்லை. பிரதான வீதிக்குப் போய் அழுதுகொண்டும் மூச்சிரைத்துக்கொண்டும் நின்ற கூட்டத்துக்குள் தேடினேன். அங்கேயும் இல்லை. "கொம்மா இஞ்சால வரேல்லையே பிள்ளை" என்றார் ஒருவர். நான் கடற்கரைக்குத் திரும்பி ஓடினேன்.

அம்மா கடலுக்குள் நின்றார். முழங்கால் வரை தண்ணீர். தட்டையான, சத்தமில்லாத தண்ணீர். வாடிகளுக்குப் பின்னால் உள்ள பாதையால் வந்திருக்கிறார். அதனால்தான் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்திருந்தது. கையில் பாதித் தேங்காயை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எல்லாரும் அங்கால ஓட நீங்கள் ஏனம்மா இஞ்ச வந்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"நீ இஞ்சதானே ஓடுறனி."

வீட்டுக்கு நடந்தோம். படலைக்குக் கிட்ட வந்ததும், அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு ஒருத்தன் கரையில நிக்க நான் அங்கால ஓடினனான்."

அந்த ஓட்டத்தில் மாமி தன் படலையில் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அவரிடம் போய்வரச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. ஓடியது குற்றமில்லை என்று சொல்லத்தான் போனேன். எச்சரிக்கை வந்தால் போனில் வரும் என்றேன்.

"உன்ர போன் எத்தினை தரம் சார்ஜ் இல்லாமக் கிடக்குது?" என்றார் மாமி. பிறகு சிரித்தார். "நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா கால் கேக்காது பிள்ளை. இனிப் போகேக்க ஓடு. வரேக்க நட. கடலைப் பாத்து ஓடுறவளைக் கண்டு ஆரும் பயப்பட மாட்டினம், விசரி எண்டுதான் சொல்லுவினம்."

எனக்கு அவமானமாக இருந்தது. சில நாள் ஓடவே இல்லை. அலுவலகத்தில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். இரவில் நித்திரை வரவில்லை. கடைசியில் ஒரு காலை எழும்பி, ஹோட்டல் வேலி வரை ஓடிப் போய், திரும்பும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தேன். சப்பாத்துக் கையில் இருந்தால் ஓட மனம் வராது. நடை நேரத்தைத் தின்றது. அதற்காக இன்னும் முன்னதாக எழும்ப வேண்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் கடலை வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பது ஓடுவதைவிடக் கடினம் என்பதையும் அந்த நாட்களில்தான் அறிந்தேன். ஒவ்வோர் அலையும் உடையும்போது கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும்.

ஒழுங்கை அதற்குப் பழகியது. நான் எதிர்பாராத விதமாகப் பழகியது. நான் ஏறி வரும்போது பைப்படியில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து என் காலைப் பார்ப்பார்கள். பிறகு குனிந்து பானையைக் கழுவுவார்கள். "வாறாள். நடந்துதான் வாறாள்" என்று மாமி உள்ளே பார்த்துச் சொல்வார். முதலில் அது பகிடி என்று நினைத்தேன். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தபோது பைப்படிப் பெண் வீட்டுக்கு வந்தார். "நீ போகேல்லையெண்டு தெரிஞ்சது. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு விட முன்னம் நானே ஒருக்காக் கரைக்குப் போய்ப் பாத்தனான்" என்றார்.

அன்றிலிருந்து மழையென்றோ அலுப்பென்றோ ஒரு காலையை விட எனக்கு ஏலவில்லை. யாரும் கேட்காத ஒரு வேலை என்மேல் வந்து ஏறியிருந்தது. நான் நடந்து வந்தால் கடல் கடலாக இருக்கிறது என்று அர்த்தம். ஓடி வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முந்திய நாட்களில் ஒரு காலை. வேலியில் திரும்பியபோது கரை அகலமாகத் தெரிந்தது. வழக்கமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கற்பாறை பாசியோடு வெளியே நின்றது. நங்கூரம் போட்டிருந்த இரண்டு வள்ளங்கள் மணலில் சாய்ந்து கிடந்தன. அலைச் சத்தம் இல்லை. போனைப் பார்த்தேன். செய்தி ஒன்றும் இல்லை. சிக்னலும் சரியாக இல்லை. அப்பா விடியமுன்னம் கடலுக்குப் போயிருந்தார்.

காற்றுத் தள்ளினாலும் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போகும். இது எனக்குத் தெரியும். வேறு எதனால் போகும் என்பதும் தெரியும். எது என்று சொல்லும் படிப்பு என்னிடம் இல்லை. ஓடினால் ஒழுங்கை முழுவதும் ஓடும், யாராவது விழுவார்கள், அம்மா மறுபடியும் கடலை நோக்கி வருவார். நடந்தால், ஒன்றும் இல்லை என்று நான் ஊருக்குச் சொல்கிறேன்.

நடந்தேன். சப்பாத்து கையில் இருந்தது. நெஞ்சு மட்டும் ஓடியது. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவேன் என்பதால் திரும்பவில்லை. பைப்படியில் பெண்கள் நிமிர்ந்தார்கள், என் காலைப் பார்த்தார்கள், குனிந்தார்கள். அவர்கள் குனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா படலையில் நின்றார். அவர் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி எப்பிடி?"

"உள்ளுக்குப் போயிருக்கு."

அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வந்து, "சப்பாத்தைப் போடு" என்றார். மாமியும் எழும்பி வந்தார். மூன்று பேரும் கடல் பக்கம் பார்த்தபடி நின்றோம். நான் வேலைக்குப் போகும் பஸ் வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வெயில் ஏறிய பிறகு, வழக்கம்போல அப்பாவின் வள்ளத்து எஞ்சின் சத்தம் கேட்டது. கடல் பழையபடி வந்திருந்தது, காற்றுத்தான் தள்ளியிருக்கும் என்று அப்பா சொன்னார்.

"காத்துத்தானெண்டு தெரிஞ்சே நடந்து வந்தனி?" என்று மாமி கேட்டார்.

"தெரியாது மாமி."

அவர், எலும்பு பொருந்தியும் வளைந்து நிற்கும் தன் கையைத் தடவிக்கொண்டார். "இனித் தெரியாட்டி ஓடி வா. எனக்கு மற்றக் கை கிடக்குதுதானே."

அடுத்த நாளும் ஓடினேன். இன்றும் ஓடினேன். வேலியில் திரும்பியதும் நடந்துதான் வருகிறேன். ஆனால் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. திரும்புகிற இடத்தில் குனிந்து, கயிற்றை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.