மூச்சு விட்ட ஓட்டை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் பெண்டாட்டியே நம்பவில்லை, அவள் கூடப் பிறந்த தம்பி சாட்சி சொல்லியும்! ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது?

நான் சேற்று நிலத்தைக் கெட்டியாக்கும் வேலையில் இருக்கிறேன். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் களிமண். அதில் அப்படியே கட்டிடம் எழுப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் முதலில் வடிகால் பட்டைகளை ஆழமாக இறக்குவோம். மேலே மணல் பரப்பி, மைதானம் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களைச் சேற்றில் புதைத்துவிடுவோம். பிறகு பம்பு போட்டு, அடியில் இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டியதுதான். மண்ணில் ஊறிய தண்ணீரும் கூடவே ஏறி வரும், நிலம் இறுகும். மீட்டர் முள் எண்பதில் நின்றால் நிம்மதி. இறங்கினால் ஷீட்டில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

அன்று வார விடுமுறை. மற்ற இயந்திரங்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. எங்கள் பம்பு மட்டும் ஓடியது. காவலுக்கு நானும் மச்சினனும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். பம்பு நின்றாலும் அவன் பேச்சு நிற்காது.

மதியம் 2.10. முள் அறுபத்தெட்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு ஷீட்டில் இறங்கினோம். ஓட்டையைக் காதால்தான் தேட வேண்டும். காற்றை இழுக்கும் ஓட்டை 'ஸ்ஸ்ஸ்' என்று விடாமல் ஒரே சீராக இரையும்.

நடுப்பகுதியில் மச்சினன் கையைத் தூக்கினான்.

ஸ்ஸ்ஸ்...

நின்றது.

ஸ்ஸ்ஸ்...

மறுபடி நின்றது.

"என்ன மாமா, விட்டு விட்டு வருது?"

"மணல் அடைக்குது போல. கைய வச்சுப் பாரு."

மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தான். அடுத்த கணம் வெடுக்கென்று எடுத்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஊதுது மாமா."

"உளறாத. காத்த உறிஞ்சுற இடத்துல எப்படிடா ஊதும்?"

நானும் வைத்துப் பார்த்தேன். இழுத்தது. அது சரிதான், இழுக்கத்தான் வேண்டும். பிறகு விட்டது... சூடாக, ஈரமாக ஒரு காற்று என் உள்ளங்கையில் பட்டது.

"ஷீட் விரிச்ச அன்னைக்கு ஆள எண்ணினீங்களா மாமா?"

எண்ணவில்லை. அத்தனை பேர் சேர்ந்து இழுத்து விரித்தோம். எத்தனை பேர் கரையேறினார்கள் என்று யார் பார்த்தது?

"அஞ்சு நாளாச்சுடா. இதுக்கு அடியில ஒருத்தன் உயிரோட இருக்க முடியாது."

"அப்ப மூச்சு விடறது யாரு?"

ஒட்டு வெட்ட வைத்திருந்த பிளேடை அவன் எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கிழிச்சா மொத்த வேலையும் போச்சு."

"ஆளு செத்துடுவான் மாமா!"

ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டே குனிந்தேன்.

"யாருப்பா உள்ள?"

மூச்சு நின்றது.

நாங்கள் பேசுவதைக் கேட்பது போல...

பிறகு வேறொரு சத்தம். ஓட்டைக்கு நேர் கீழே. சர்... சர்... எதையோ அழுத்தித் தேய்ப்பது போல.

அதுவும் நின்றது.

பம்பு ஷெட்டுக்கு ஓடினேன். முள் எண்பது. ஓட்டையை அடைக்கும் பசை டப்பாவை நாங்கள் இன்னும் திறக்கவே இல்லை.

ஆனாலும் விட்டுவிட முடியுமா? திரும்பிப் போய், ஓட்டையின் மேல் ஒரு ஒட்டுப் போட்டேன். மச்சினன் தொடவில்லை.

"மூச்ச நிறுத்திட்டோம் மாமா," என்றான்.

மறுநாள் ஒருவர் விடாமல் விசாரித்தேன். எல்லா ஆட்களும் இருந்தார்கள், ஒரு தலை கூடக் குறையவில்லை. மச்சினன் நம்பவில்லை. அவ்வளவு பேசுகிறவன் ஊமையாகிப் போனான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவான். "என் தம்பிய என்ன பண்ணீங்க?" என்று பெண்டாட்டி என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் அவன் கதி என்ன ஆகுமோ என்று பயம்தான். ஷீட்டை எடுக்கும் நாளுக்காகத்தான் அவன் வேலையை விடாமல் இருந்தான். அடியில் ஒன்றும் இல்லை என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் வேண்டிக்கொண்டது.

நான்கு மாதம் கழித்து ஷீட்டை எடுத்தோம். அந்த இடத்தை அவனே சதுரமாக வெட்டித் தூக்கி என்னிடம் கொடுத்தான். அடியில் வெறும் மணல். மண்வெட்டியால் தோண்டினான். இடுப்பளவு தோண்டினான். மணலும் அதற்குக் கீழே இறுகிய களிமண்ணும்தான்.

"யாரும் இல்ல மாமா... யாரும் சாகல!"

குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தான். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன்.

மேலே நான் போட்ட ஒட்டு. அடிப்பக்கம், அதற்கு நேராக... இன்னொரு ஒட்டு. அதே கறுப்பு ஷீட், வட்டமாக வெட்டியது. ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே இருந்து யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.

மச்சினன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பதற்குள் துண்டைச் சுருட்டினேன்.

விரலில் ஏதோ ஒட்டியது.

பசை... இன்னும் காயவில்லை.