சித்தி நறுக்கிய கொப்பரை

மைசூரில் சங்கராந்தி என்றால் எங்களுக்குப் பொங்கல் பானையைவிட ‘எள்ளு பீரோது’ என்று கன்னடத்தில் சொல்கிற எள்ளு கொடுப்பதுதான் பெரிது. எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கடலையும் கலந்து பொட்டலம் கட்டி, பெண்பிள்ளைகள் புதுப்பாவாடையோடு வீடுவீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். கொப்பரையைப் பொடிப்பொடியாக நறுக்குவதற்குள் விரல் ஒடிந்துவிடும். எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், அத்தனையையும் என் சித்தி நறுக்கினாள்.

சித்தி கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரி. லாரி ஓட்டிய சித்தப்பா எச்.ஐ.வி.யை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். மாசாமாசம் இங்கே பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வேண்டும் என்று எங்களோடு தங்கியிருந்தாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததை அம்மாவிடம் எத்தனையோ தரம் ஒப்பித்தாள்.

“புருசன் பொண்டாட்டி சேர்றதுல வருமாம். ரத்தத்துல, ஒருத்தருக்குப் போட்ட ஊசியில, தாய்கிட்டருந்து புள்ளைக்கு வருமாம். தொட்டா வராதாம்க்கா. ஒண்ணா உக்காந்து தின்னா வராதாம்.”

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அப்புறம் அந்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். சித்தியைக் கொப்பரை நறுக்க விட்டதுகூட நம்பிக்கையால் அல்ல, தன் முதுகுவலியால். எங்கள் வீட்டுக்கு மட்டும் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கலந்த எள்ளாகக் கால் கிலோ வாங்கி வைத்துக்கொண்டாள். ஊருக்குத்தானே கொடுக்கிறோம் என்று நினைத்தாள் போல. என்னைப் பெற்றவளைப் பற்றி இப்படி எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொட்டலங்களோடு நான்தான் போனேன். எதிர்வீட்டு ஆன்ட்டி பிரித்துப் பார்த்து, இவ்வளவு அழகாக நறுக்கியது யார், அம்மாவா என்று கன்னடத்தில் கேட்டாள். பெருமை பிடிபடவில்லை எனக்கு. எல்லாம் சித்திதான் என்றேன். அதோடு நிறுத்தினேனா? சித்திக்கு எச்.ஐ.வி. இருப்பதால் நாங்கள் இதைத் தின்னமாட்டோம், எங்களுக்குக் கடையில் வாங்கியது இருக்கிறது என்றும் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குத் திரும்பி வந்தன. விளக்கு வைத்ததும் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அந்தம்மாவை அனுப்புங்கள், இல்லையென்றால் எல்லாருமாகக் காலி செய்யுங்கள் என்றார். சித்தி எழுந்துபோய்ப் பையில் துணிகளை அடுக்கினாள்.

மறுநாள் காலை கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். ஏறுவதற்கு முன் சித்தி என்னிடம் குனிந்தாள்.

“ஒரு முத்தம் குடு அம்மிணி.”

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஊரில் அவளால் மாத்திரையைத் தொடர முடியவில்லை. மாசாமாசம் எங்கே போகிறாய் என்று கேட்பார்களே என்று பயந்து, போவதையே விட்டுவிட்டாள். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. அம்மா, தலைவிதி தலைவிதி என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் அன்றைக்கு, பஸ் நகர்ந்ததும், அம்மா என் தலையைத் தடவி, நல்லவேளை என்றாள். நானும் பெரிய கண்டத்திலிருந்து தப்பித்ததாக நினைத்துக்கொண்டேன். அந்த முத்தத்தைக் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதும், எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் சித்திக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.