பின்சீட்டுப் பாரம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் அப்படி என்னதான் சுகம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை அளப்பார்கள். முகத்தில் காற்று அடிக்கிறது என்பான் ஒருவன். வேகம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது என்பான் இன்னொருவன். வண்டியில் ஏறினால் கவலையெல்லாம் மறந்துபோகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களும் உண்டு; கண்ணை மூடிக்கொண்டா ஓட்டினாய் என்று கேட்கத் தோன்றும். இவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாள். வண்டி ஓடும்போது அவன் கை இரண்டும் கைப்பிடியில் இருக்கும்.

அவன் என்றால் அவளைக் கட்டியவன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர்க்கடை வைத்திருந்தான். சம்மட்டியும் கடப்பாரையுமாக டயரோடு மல்லுக்கட்டி அவனுக்குத் தோள் இரண்டும் கதவு அகலத்துக்கு ஏறிப் போயிருந்தன. அவள் சட்டைக் கம்பெனியில் பவர் மெஷினில் காலர் தைப்பவள். அந்தக் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது, தைக்கிற துண்டுதான் பெயர். கை, பாக்கெட், காஜா, காலர். நாலு நாளாகக் காலர் வரவில்லை என்றால் முகத்து வீக்கம் இன்னும் வடியவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கமாட்டார்கள். கேட்டு என்ன ஆகப் போகிறது, அவரவர் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறானே.

அடிக்கக் காரணம் வேண்டுமா என்ன? குளிக்க வைத்த தண்ணீர் சூடாக இருந்தால் அடி, ஆறியிருந்தால் அடி. கடையில் எந்த லாரிக்காரனாவது எகத்தாளம் பேசியிருந்தால் அதற்கும் வீட்டில்தான் வசூல். ஒருமுறை தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இடித்ததில் இடது காது மந்தமாகிப் போனது. இன்னொரு முறை வயிற்றில் விழுந்த உதையில் தங்கவேண்டியது தங்காமல் கலைந்துவிட்டது. அதன்பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை. நாசமாய்ப் போகிறவன், பிள்ளை பெறாதவள் என்று அதற்கும் சேர்த்து அடித்தான். மாடிவீட்டு அக்கா அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அம்மாவிடம் போய் அழுதாள். அம்மா அவளுக்குத் தலைவாரிவிட்டு, அனுசரித்துப் போ என்று சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள்.

ஆனால் அவனோடு வண்டியில் போவதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. அவன் அக்கா வீடு ஊரின் அந்தக் கோடியில். போய்வர ஒருமணி நேரம் பிடிக்கும். அந்த ஒருமணி நேரமும் அவள் ராணி. அவன் முதுகு முன்னால் இருக்கும், முகம் தெரியாது, கை வராது. தோளில் தலையைச் சாய்த்துக்கூட உட்காருவாள். எதிரே வருகிறவர்கள், அடடா என்ன அன்னியோன்யம் என்று பார்த்துக்கொண்டு போவார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்தால்தான் தலையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து உட்காருவாள்.

ஒருநாள் அவன் வீசிய குத்து அவள் மேல் விழவில்லை. அவள் குனிந்துவிட்டாள், வேண்டுமென்று இல்லை, கால் இடறியது. குத்து பீரோவின் முனையில் போய் இறங்கியது. வலது மணிக்கட்டில் சடக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்து அம்மா அம்மா என்று அலறினான். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். விரலிலிருந்து முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு, ஒன்றரை மாதம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தை அவள்தான் கையில் வைத்திருந்தாள். ஒடிந்த எலும்பைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை.

கடையைத் திறந்தாக வேண்டும். அந்தப் பக்கம் காலையில் பஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் அவளுக்கே வண்டி பழக்கினான். பழைய, கனத்த வண்டி, கிக்கரை உதைத்தால் திருப்பி உதைக்கும். முதல் வாரம் அவள் கெண்டைக்கால் முழுக்கக் கன்றிப் போனது. வண்டி அணைந்துபோகும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருந்து இடது கையால் அவள் தலையில் போடுவான். ஹெல்மெட்மேல் போட்டு விரல்முட்டி வலித்து அவனே கையை உதறிக்கொள்வான். பவர் மெஷினில் காலர் வளைவுக்கு எவ்வளவு அழுத்தவேண்டும் என்று பத்து வருஷமாகத் தெரிந்து வைத்திருந்த காலுக்கும் கைக்கும் கிளட்ச் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு வாரத்தில் ரோட்டில் ஏறிவிட்டாள்.

வண்டியை அவளிடம் கொடுத்தானா என்றால், அதெல்லாம் இல்லை. கடை வாசலில் நிறுத்தியதும் சாவி அவன் பைக்குள் போகும். அங்கிருந்து அவள் கம்பெனிக்கு நடக்க வேண்டும், சாயந்திரம் நடந்தே திரும்பிவந்து அவனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்ட வேண்டும். மலைமாதிரி அவனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவது சும்மா இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கோ முறுக்கு என்று முறுக்கினால்தான் நகரும், கால் பிரேக்கை ஏறி மிதித்தால்தான் நிற்கும். அதோடு அவன் கை வேறு சும்மா இருக்காது. ஹெல்மெட்டை விட்டுவிட்டு இடுப்பில் கிள்ளுவான், விலாவில் குத்துவான்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மெதுவாகப் போனால்தான் கிள்ளுகிறான். வேகம் ஏற ஏற இடது கை சீட்டுக் கம்பியைத் தேடிப் போகிறது. ஒரு காலை நேரம் காலிச் சாலையில் முறுக்கிப் பார்த்தாள். மரங்கள் பின்னால் ஓடின. மந்தக் காதிலும் காற்று இரைந்தது. கம்பியை விட்டுவிட்டு அவன் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "மெதுவாப் போடி" என்றான். இன்னும் முறுக்கினாள். "மெதுவா, கையில கட்டு இருக்கு, மெதுவாப் போம்மா" என்றான். போம்மா. அவன் குரலில் பயம் இருந்தது, அது அவளுக்கு இனித்தது. இனித்தது என்றுதான் சொல்லவேண்டும், வேறு வார்த்தை போட்டு மழுப்பத் தேவையில்லை.

இறங்கிய பிறகு அதற்குச் சேர்த்து வைத்துக் கொடுப்பான். ஒரு கைதான் என்றாலும் டயர்க்காரன் கை ஆயிற்றே. அதனால் அவள் வீட்டுக்கு வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றுவதை நிறுத்திவிட்டாள். அடுப்படியில் ஹெல்மெட்டோடு நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளை ஜன்னல் வழியாகப் பார்த்து, படியிறங்கி வந்த மாடிவீட்டு அக்கா நின்றுவிட்டாள். என்னடி இது கோலம் என்றாள். வெங்காயம் கண்ணைக் கரிக்கவில்லை, நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று இவள் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அக்கா திடீரென்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நிதானமாக, அவள் வலது கையைப் பிடித்துத் தன் மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"கட்டு பிரிக்கட்டும். இதே எடத்துல உனக்கு ஒடிக்கிறேன். அப்புறம் காலரையும் தைக்க மாட்ட, வண்டியையும் தொட மாட்ட."

அவன் சொன்னால் செய்வான். இந்த ஒரு விஷயத்தில் அவன் வாக்குத் தவறியதே இல்லை. அவளுக்குச் சோறு போடுவது அவளுடைய அந்தக் கை. மாதச் சம்பளம் அந்தக் கை. அந்தச் சாலையில் அவனைப் போம்மா என்று கெஞ்ச வைத்ததும் அந்தக் கைதான். அன்று முதல் தூங்கும்போது அதை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் மரத்துப் போயிருக்கும், உதறிவிட்டுக்கொண்டு எழுந்திருப்பாள்.

கட்டு பிரிக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவன் கிள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கட்டு வெட்டுகிற ஆள் சின்ன மெஷினை ஓட்டி மாவை இரண்டாகப் பிளந்தார். குப்பென்று ஒரு நாற்றம் எழுந்தது. உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்து அவளுக்கு நம்பமுடியவில்லை. வெளுத்து, தோல் உரிந்து, சூம்பிப் போய் இருந்தது. விரலை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. "ரப்பர் பந்து வாங்கி அமுக்கிட்டே இருங்க, பழையபடி வர ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார். அவள் அந்தக் கையைப் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் சாவியைக் கேட்டான். அந்தக் கையால் முறுக்க முடியாது, வீடுவரை நானே ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். ஹெல்மெட்டும் சாவியும் அவள் கையில் இருந்தன. அடிப்பதற்கு முன்னால் வாட்சைக் கழற்றி வைப்பது அவன் பழக்கம், கண்ணாடி உடைந்துவிடுமாம். இப்போதும் கழற்றப் பார்த்தான். இடது கை வாட்சை வலது கையால் அவிழ்க்க வேண்டும். சூம்பின விரல்கள் வாரைத் தடவின, நழுவின, மறுபடி தடவின. அவள் வாயிலிருந்து அவளையும் மீறி ஒரு சிரிப்பு வெளியே வந்தது.

வாட்சோடேயே அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. இரண்டாவது அறையில் கீழே விழுந்தாள். தரையில் ஊன்றியிருந்த அவள் வலது கையை அவன் குறிபார்த்து பூட்ஸ் காலால் மிதித்தான். மிதித்து, திருகினான். விரல் தோல் சிமெண்டில் உரிந்தது. ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மட்டும், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் சார் என்று பதமாகச் சொன்னார்.

அவள் இடது கையில் ஹெல்மெட் இருந்தது. அதன் வாரைப் பிடித்துச் சுழற்றி அவன் முட்டியில் அடித்தாள். மடங்கி விழுந்தான். விழுந்தவன் வாயில் ஒன்று போட்டாள், பல் தெறித்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தோளில் போட்டாள், தலையில் போட்டாள், கலைந்துபோன பிள்ளைக்கு ஒன்று, மந்தக் காதுக்கு ஒன்று, அப்புறம் எதற்கு என்று தெரியாமலே போட்டாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "வேணாம், வேணாம்மா" என்றான். அவள் இதுவரை எத்தனை தடவை சொன்ன வார்த்தை அது. ஒரு தடவையாவது அவன் நிறுத்தியிருப்பானா?

"இன்னொரு தடவ என் கையத் தொட்டா கொன்னுருவேன் உன்னை" என்றாள். அவனை நீ என்று சொல்வது அதுதான் முதல் தடவை.

கட்டு வெட்டிய ஆள்தான் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். இழுக்காவிட்டால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். போலீசுக்குப் போவானோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெண்டாட்டி கையால் பல் போனது என்று எந்த ஆம்பளை எழுதிக் கொடுப்பான்? வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னானாம். ராசியான பொய்.

ஹெல்மெட் கிடந்த இடத்திலேயே கிடக்க, அவள் வண்டியில் ஏறி உதைத்தாள். வலது கை விரல்கள் வீங்கிக்கொண்டு வந்தன, ஆனால் மடங்கின, முறுக்க முடிந்தது. ஒடியவில்லை. ஒடியவில்லை ஒடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள்.

வண்டி ஒருமாதிரி துள்ளியது. வழக்கம்போல முறுக்கினாள், அது வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு பாய்ந்தது. என்ன கோளாறு என்று அவளுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிச் சாலை முடிந்து பெரிய வளைவு வந்தது. அந்த மலையைச் சுமந்துகொண்டு எவ்வளவு சாய்ப்பாளோ அவ்வளவு சாய்த்தாள், எவ்வளவு அழுத்தி மிதிப்பாளோ அவ்வளவு அழுத்திக் கால் பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரம் அப்படியே இறுகி மணலில் சறுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கால் கிழிந்தது, முழங்கை கிழிந்தது, தார்ரோடு கன்னத்தில் தேய்ந்தது. வண்டி தீப்பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய் வேலியோரப் புதரில் செருகி நின்றது.

பின்னால் வந்த லாரி கிரீச்சென்று நின்றது. டிரைவர் குதித்து ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, பதறிப்போய் புதர்ப்பக்கம் ஓடினார். செடியை விலக்கினார், குனிந்து பார்த்தார், பள்ளத்தில் இறங்கி ஏறினார்.

"ஓட்டிட்டு வந்தவர் எங்கம்மா? ஆளக் காணோமே."

"நான்தாண்ணே ஓட்டிட்டு வந்தேன்."

"தனியாவா?"

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். புதருக்கு வெளியே பின்சீட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறாள், ஒருநாள்கூடத் தனியாக ஓட்டியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை.

"தனியாத்தாண்ணே" என்றாள். சொல்லிவிட்டு ரத்தம் ஒழுகும் வாயோடு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடிபட்டதில் மண்டை குழம்பிவிட்டது என்று டிரைவர் பயந்தே போனார். லாரியில் ஏறிக்கொள், பக்கத்தில்தான் ஆஸ்பத்திரி, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றாள். அப்படியானால் வீட்டுக்காவது போன் போடலாம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். அதற்கும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள். இரண்டு பேருமாக வண்டியை இழுத்து நிமிர்த்தினார்கள். ஒரு கண்ணாடி போயிருந்தது, ஹேண்டில்பார் கொஞ்சம் கோணியிருந்தது.

"இந்த நெலமையில எங்கம்மா போவ?"

"தெரியலண்ணே. கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கணும், இன்னும் பழகல" என்றாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கிக்கரை உதைத்தாள். இந்தத் தடவை ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத்தான் முறுக்கினாள். அவ்வளவே போதுமானதாக இருந்தது.